ஹெரேஸ்: பூத்துப்போன வைனும் ஒரு ஊரும்

மணல்மேடு, செப்டம்பர் 2

அடுத்த மே மாதம் நானும் வீட்டம்மாவும் ஸ்பெயின் போகிறோம். செவில்லாவில் நான்கு நாள். அங்கிருந்து ஹெரேஸ் ரயிலில் ஒரு மணி நேரம்தானாம், ஷெர்ரி வைன் ஊர், கண்டிப்பாகப் பார் என்கிறான் மச்சான். எனக்குத் தெரிந்த ஷெர்ரி, கிறிஸ்துமஸ் கேக்கில் ஊற்றுகிற தித்திப்புச் சமாச்சாரம். வெள்ளைக்காரப் பாட்டிகள் குடிப்பது. வைன் ஊர் பார்க்க வேண்டுமென்றால் பிரான்சுக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு அரை நாளுக்கு மேல் செலவழிக்கலாமா? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கம்பத்துக்காரி, செப்டம்பர் 2, இரவு 11:10

மறுக்கிறேன். அந்த ஊரில் மூன்று வருஷம் குடியிருந்தவள் நான். வீட்டுக்காரருக்குக் காதிஸ் விரிகுடா பக்கம் விமான பாகம் செய்கிற ஆலையில் வேலை, வீடு ஹெரேஸில்.

முதலில் அந்தக் கேக் கதையை விடுங்கள் அண்ணே. ஹெரேஸ்காரன் தினமும் குடிக்கிற ஃபினோ வகை ஷெர்ரியில் சர்க்கரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நாக்கு வறண்டு போகும். தித்திப்புக் கலந்த ‘க்ரீம்’ வகை இங்கிலாந்துக்காரனுக்காகக் கலந்து அனுப்பியது. அதை வைத்து அந்த ஊரை எடை போடுவது, டின்னில் வரும் ரசகுல்லாவைத் தின்றுவிட்டுக் கல்கத்தாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

ரயிலை விட்டு இறங்கினாலே ஊர் மணக்கும். மூக்கு சொல்லும், இது வேறு இடம் என்று.

கம்பத்துக்காரி, செப்டம்பர் 3, காலை 6:40

தூக்கத்தில் யோசித்தது. ஷெர்ரியைத் தமிழ்க்காரர்களுக்கு விளக்க ஒரு சொல் போதும்.

நம் வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறந்து, மேலே வெள்ளையாக ஆடை படிந்திருந்தால் அம்மா என்ன சொல்வார்? “பூத்துப்போச்சு.” சொன்ன கையோடு சாக்கடையில் கவிழ்ப்பார், ஈரக்கையோடு யார் தொட்டது என்று வீடு முழுக்க விசாரணை நடக்கும்.

ஹெரேஸில் பீப்பாய்க்குள் அதேதான் நடக்கிறது. பலொமினோ என்ற வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து, புளிக்கவைத்து, திராட்சைச் சாராயம் கொஞ்சம் சேர்த்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பீப்பாயில் ஊற்றுகிறார்கள். மேலே ஈஸ்ட் வெள்ளையாக ஏடு கட்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃப்ளோர்’. ஸ்பானிஷில் பூ! அங்கேயும் பூத்துத்தான் போகிறது. நாம் கொட்டினோம், அவன் வளர்த்தான்.

அந்த ஏடு காற்றை வைனில் பட விடாது, அதனால் நிறம் வெளுப்பாகவே நிற்கும். வைனில் இருக்கும் கிளிசரினை அதுவே தின்றுவிடும், அதனால்தான் அந்த வறட்சி. 600 லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் 500 லிட்டர்தான் ஊற்றுவார்கள். மிச்ச இடம் பூ மூச்சுவிட. சாராயத்தை 17 சதவீதத்துக்கு ஏற்றினால் பூ செத்துவிடும், அப்புறம் வைன் காற்றுப்பட்டு, கறுத்து, வாதுமை மணத்தோடு ‘ஒலொரோஸோ’ ஆகும். ஒரே திராட்சை, ஒரே கிடங்கு. பூ இருக்கிறதா செத்ததா என்பதில் இரண்டு வேறு வைன்.

முதல் முறை ஃபினோ வாயில் வைத்தபோது துப்பத்தான் பார்த்தேன். பச்சை பாதாமும் புளித்த மாவும் உப்பும் கலந்த மாதிரி இருந்தது. ஆறு மாதம் கழித்து வறுத்த மீனோடு அதைத் தேடினேன். அதற்கு மேல் இந்தக் கதையை என் மாமியார் படிக்கும் இடத்தில் எழுத மாட்டேன்.

கம்பத்துக்காரி, செப்டம்பர் 4, மதியம் 2:05

‘எந்த வருஷத்து ஷெர்ரி நல்லது’ என்று தஞ்சாவூர்த் தம்பி கேட்டிருக்கிறார். பெரும்பாலான புட்டியில் வருஷமே இருக்காது தம்பி. காரணம் சொலேரா.

நம் வீட்டு உறைமோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய்களை மூன்று நான்கு அடுக்காக அடுக்கியிருப்பார்கள். தரையில் கிடப்பது சொலேரா, ஆகப் பழசு. ‘சுயேலோ’ என்றால் தரை, அதிலிருந்து வந்த பெயர். அதிலிருந்துதான் விற்பனைக்கு எடுப்பார்கள், ஆனால் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் எடுப்பார்கள். குறைந்ததை மேல் அடுக்கிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கும் மேலிருந்து. உச்சியில் புது வைன். மேலடுக்குகளுக்குப் பெயர் ‘கிரியதேரா’. பிள்ளை வளர்க்கும் இடம், நாற்றங்கால் என்று பொருள் வரும். 19ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த சொலேராவில் அன்றைய துளி இன்றும் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு என்பது கணக்கு வாத்தியாருக்கான கேள்வி.

கம்பத்துக்காரி, செப்டம்பர் 4, மதியம் 2:31

மேலே எழுதியதில் இரண்டு தப்பு.

உறைமோர் உவமை நொண்டுகிறது. உறைமோர் ஒரு கரண்டி விட்டால் பால் முழுக்கத் தயிராகிவிடும். சொலேரா அப்படியில்லை, புதுசைப் பழசுக்குள் அளந்து அளந்து கலக்கிறார்கள், பழசு புதுசைத் தன் வழிக்கு இழுக்கிறது. மாமியார் வீட்டுக்கு மருமகள் வருகிற மாதிரி என்று சொல்லலாம், ஆனால் ஏற்கனவே மாமியாரை ஒரு தடவை இழுத்துவிட்டேன்.

இரண்டாவது, மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு வைன் தானாக இறங்குவது போல எழுதிவிட்டேன். சில சொலேராக்களில் அடுக்குகள் வேறு வேறு கட்டடத்திலேயே கிடக்கும். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, ஒன்றாகக் கலந்து, அடுத்த வரிசைக்குப் பங்கிட்டு ஊற்ற வேண்டும். ஊற்றும்போது பூ உடையக் கூடாது. அதற்கு ஆப்பு வடிவில் ஒரு புனல், பெயர் ‘கனோவா’. அதோடு பக்கமெல்லாம் துளை போட்ட ஒரு குழாய். குழாயைப் பூவுக்குக் கீழே இறக்கி, மெல்லச் சொரிய விடுவார்கள். அந்த வேலைக்கே பெயர் ‘ரொஸியோ’. பனித்துளி என்று அர்த்தம். முதுகொடிகிற வேலைக்கு என்ன அழகான பெயர் பாருங்கள்.

கம்பத்துக்காரி, செப்டம்பர் 7, இரவு 10:20

மண்ணைப் பற்றிக் கேட்ட சின்னமனூர் அக்காவுக்கு. நம்ம பக்கத்து ஆள் என்றதும் கை துறுதுறுக்கிறது, நீளமாகத்தான் வரும்.

என் அப்பா கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டவர். பந்தல், கல்தூண், கம்பி, கிணறு, வருஷம் முழுக்க மாற்றி மாற்றி அறுப்பு. அதுதான் அவருக்குத் திராட்சை. ஒரு ஆகஸ்டில் எங்களைப் பார்க்க வந்தார். ஊருக்கு வெளியே மேட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். இறங்கியதும் கண் கூசிற்று. தரை முழுக்க வெள்ளை. அல்பாரிஸா என்பார்கள், சுண்ணாம்பு நிறைந்த மண். நடுவே முழங்கால் உயரத்துக்குக் குட்டைக் குட்டையாகக் கொடி. 38 டிகிரி வெயில். மே மாதத்துக்குப் பிறகு மழையே இல்லை. இலை மட்டும் பச்சைப்பசேல்.

அப்பா சுற்றிப் பார்த்தார். “பந்தல் எங்கே?” இல்லை. “தண்ணி எங்கே?” சொட்டுநீர்க் குழாய்கூட இல்லை. ஒரு கொடியின் பக்கத்தில் குந்தி, கார்ச்சாவியால் மண்ணைக் கீறினார். மேலே விரல்கடை உயரத்துக்கு ஓடு போல் காய்ந்திருந்தது. பொருக்கை உடைத்து இன்னும் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் மண் கருத்து, ஜில்லென்று கையில் ஒட்டியது. பேசவே இல்லை. விரலில் எடுத்துத் தேய்த்து, “வெத்திலைக்குத் தடவலாம் போலிருக்கே” என்றார். அன்று முழுக்க அவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான்.

ரகசியம் இது. குளிர்காலத்து மழையை அந்த மண் பஞ்சு போல் குடித்துவிடும். கோடையில் மேல்தோல் இறுகி மூடிக்கொள்ளும், உள்ளே உள்ள ஈரம் ஆவியாகப் போக வழியில்லை. மழை சரிவில் ஓடிப்போகாமலிருக்க, அறுப்பு முடிந்ததும் வரிசைகளுக்கு நடுவே சதுரம் சதுரமாகக் குழி வெட்டுகிறார்கள், ‘அசெர்பியா’ என்று பெயர். நாம் பாத்தி கட்டுவதுதான், ஆனால் கிணற்றுத் தண்ணீருக்கு அல்ல, வானத்துத் தண்ணீருக்கு.

கவாத்தும் வேறு. ஒவ்வொரு கொடியிலும் ஒரு நீளக் கோல் விடுவார்கள், பக்கத்தில் கட்டைவிரல் அளவு ஒரு குச்சி. இந்த வருஷம் கோல் காய்க்கும், குச்சி துளிர்க்கும். அடுத்த வருஷம் கோலை வெட்டிவிட்டுக் குச்சியைக் கோலாக்குவார்கள். இரண்டு தோளும் மாறி மாறிச் சுமக்கும். ‘பாரா இ புல்கார்’, கோலும் கட்டைவிரலும். இதைப் பார்த்துவிட்டு அப்பா ஊருக்கு வந்து ஒரு வாரம் பந்தலையே முறைத்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் மாற்றவில்லை.

கம்பத்துக்காரி, செப்டம்பர் 8, காலை

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்தக் கொடியெல்லாம் அமெரிக்க வேர் மேல் ஒட்டுப்போட்டது. ஃபிலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி 1894இல் ஹெரேஸுக்கு வந்து தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்க வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். அதற்கு முன் இருந்த கொடி வகைகளில் பல திரும்பவில்லை.

கம்பத்துக்காரி, செப்டம்பர் 19, இரவு

‘ஹெரேஸ் எப்படி ஷெர்ரி ஆனது? எழுத்துப்பிழையா?’ என்று கேட்டவருக்கு. கிட்டத்தட்ட ஆமாம்.

அரபிகள் காலத்தில் ஊரின் பெயர் ‘ஷெரீஷ்’. ஆங்கிலேயன் அதை ‘ஷெர்ரிஸ்’ என்றான். கடைசி ‘ஸ்’ பன்மை என்று அவனே நினைத்துக்கொண்டு அதை வெட்டி ஒருமையாக்கினான், ஷெர்ரி வந்தது. இட்லீஸ் என்று கேட்டவன் இட்லி என்று போவது சரி. மதராஸ் என்று கேட்டவன் மதரா என்று போனால்? அதுதான் நடந்தது.

அரபி ஆட்சியில் வைனா என்று ஆச்சரியப்படுகிறீர்கள். 966இல் கலீஃபா இரண்டாம் அல்ஹகம் கொடிகளைப் பிடுங்கச் சொன்னாராம். ஊர்க்காரர்கள் போய், இது உலர்திராட்சைக்கு, போருக்குப் போகும் வீரர்களின் சாப்பாட்டுக்கு என்றார்களாம். மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிடுங்கியதோடு விஷயம் முடிந்தது என்பது ஊர்க்கதை. எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் இதைச் சொல்லும்போது அந்தக் கூட்டத்தில் தானும் நின்ற மாதிரி சொல்வார்.

1264இல் கிறிஸ்தவ அரசர் பத்தாம் அல்ஃபோன்ஸோ ஊரைப் பிடித்தார். பெயரின் வால் ‘தெ லா ஃப்ரொந்தேரா’, எல்லைப்புறத்து ஹெரேஸ். முஸ்லிம் அரசுக்கும் கிறிஸ்தவ அரசுக்கும் நடுவே கிடந்த எல்லை. 1587இல் ஆங்கிலேயன் பிரான்சிஸ் டிரேக் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கி, போகும்போது 2,900 பீப்பாய் வைனைத் தூக்கிப்போனான். லண்டனில் ருசி பிடித்தது அதற்குப் பிறகுதான் இன்னும் பலமாக. கொள்ளைதான் விளம்பரம்.

அப்புறம் அந்த ருசியே வினையானது. ‘பிரிட்டிஷ் ஷெர்ரி’ என்று எங்கிருந்தோ வந்த திராட்சைச் சாற்றைக் காய்ச்சி விற்றார்கள். ஊர்ப் பெயர் ஊருக்கே ஐரோப்பாவில் முழுசாகத் திரும்பக் கிடைத்தது 1996 ஜனவரி 1இல். எங்க ஊர் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தபோது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

கம்பத்துக்காரி, அக்டோபர் 9

இன்று அங்கே ஊர் விடுமுறை. புனித தியோனிஸியோ நாள், அல்ஃபோன்ஸோ ஊருக்குள் நுழைந்த நாள். அதனால் கொஞ்சம் வேறு பேச்சு.

இதுவரை நான் எழுதியதைப் படித்தால் ஹெரேஸ் எல்லாரும் கூடிக் குடிக்கும் ஒரு சந்தோஷ ஊர் போலத் தெரியும். அது பாதி. மீதிப் பாதி, கிடங்கு வைத்திருந்தவனும் கொடி வெட்டினவனும் ஒரே தெருவில் இரண்டு உலகமாக வாழ்ந்த ஊர்.

புட்டிகளில் பெயரைப் பாருங்கள்: ஆஸ்பார்ன், சாண்டிமேன், கார்வி, வில்லியம்ஸ் அண்டு ஹம்பர்ட், கொன்ஸாலெஸ் பையாஸ். பாதி ஆங்கிலேய, ஸ்காட்டிஷ், ஐரிஷ் குடும்பங்கள். தொமெக் பிரெஞ்சு வழி. இந்தக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பிள்ளைகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பி, ட்வீட் கோட்டும் குதிரையுமாக ஒரு தனி ஜாதி ஆனார்கள். ‘செஞ்யோரீத்தோ’ என்பார்கள். சின்ன எஜமான். 1854இலேயே வைன் பீப்பாயை இறக்க ஹெரேஸிலிருந்து எல் புவேர்த்தோ துறைமுகத்துக்கு ரயில் விட்டுவிட்டார்கள், தென் ஸ்பெயினில் உள்ள ஆந்தலூஸியாவின் முதல் பாதை அதுதான். பணம் அப்படி.

இன்னொரு பக்கம், 1892 ஜனவரி 8 இரவு. ஐந்நூறு பேருக்கு மேல் தோட்டக் கூலிகள் சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்க ஊருக்குள் வந்தார்கள். கையில் அரிவாளும் கத்தியும். தெருவில் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள், காய்ப்பில்லாத உள்ளங்கையைப் பார்த்துப் பணக்காரன் என்று தப்பாக நினைத்து என்பார்கள். விடிவதற்குள் எல்லாம் அடங்கியது. அடுத்த மாதமே நான்கு பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றது அரசு. இந்த ஊரில் யாராவது உங்கள் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தால் அது வெறும் சிரிப்பு இல்லை என்பது எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் உறைத்தது. மேல்வீட்டுத் தாத்தா அப்படித்தான் பார்ப்பார். “கொம்ப்யூத்தர் கை” என்பார்.

கம்பத்துக்காரி, அக்டோபர் 12

தாத்தா யார் என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள்.

எங்களுக்கு மேல் வீடு. 38 வருஷம் கிடங்கில் பீப்பாய் உருட்டியவர், பதினாலு வயதில் சேர்ந்தவர். அந்த வேலைக்காரனுக்கு ‘அர்ரும்பதோர்’ என்று பெயர். தோள் இரண்டும் சமமாக இருக்காது. என்னை ‘இஹா’ என்பார், மகளே.

ஒரு நாள் வெனென்சியா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். வளைகிற நீளக் குச்சி, நுனியில் கட்டைவிரல் கனத்தில் வெள்ளிக் கிண்ணம். அந்தக் காலத்தில் குச்சி திமிங்கில எலும்பு. பீப்பாய் வாய் வழியே ஒரே குத்தாக இறக்கினால் பூவைக் கிழிக்காமல் நடு வைனை அள்ளிவரும். அப்புறம் தலைக்கு மேல் தூக்கி, இடுப்புயரத்தில் பிடித்த கண்ணாடிக் கோப்பைக்குள் நூலாக இறக்க வேண்டும். அவர் வாளித் தண்ணீரை வைத்துக் காட்டினார், பேச்சையே நிறுத்தவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் எடுத்தேன். இரண்டாவது முறை ‘தண்ணீர் வேண்டாம், அசலே இருக்கட்டும்’ என்று வீரம் பேசினேன். அரைக் கிண்ணம் சுடிதார் கைக்குள் போய் முழங்கை வழியே சொட்டியது. அதோடு ஸ்பானிஷ் வகுப்புக்குப் பேருந்து ஏறினேன். காலை பத்தரை மணி. பக்கத்து சீட்டுப் பெண்மணி மூக்கை உறிஞ்சிவிட்டு, முகம் சுளிக்கவில்லை, “ஒலொரோஸோ?” என்று மட்டும் கேட்டார். “ஃபினோ” என்றேன். “ம்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரின் குணம் என்ன என்று கேட்டால், அந்த ‘ம்’தான்.

சாக்கட்டி விஷயமும் அவர் சொன்னது. புது வைனை முகர்ந்து பார்த்து, பீப்பாய் முகத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார் தலைமை ஆள், கபதாஸ். மெல்லியது, ஃபினோவுக்குப் போகும். பிறகு பூ எதிர்பாராமல் அடங்கி, வைன் வேறு வழியில் திரும்பினால் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டுவார். ‘பலோ கொர்த்தாதோ’, வெட்டுப்பட்ட கோல். இன்று கடையில் ஆக மவுசான வகைகளில் ஒன்று அது, பெயரோ ஒரு அடித்தல் திருத்தல். பீப்பாய்க்கு மங்கல் கறுப்பு அடிப்பது எதற்கு என்று கேட்டேன். கறுப்பில் கசிவு உடனே பளபளக்கும் என்றார். அவ்வளவுதான், அழகுக்கு இல்லை.

கம்பத்துக்காரி, அக்டோபர் 13

சாப்பாடு கேட்ட அக்காவுக்கு: வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு போடுவார்கள். பீப்பாய்க்குப் பல முட்டை. மஞ்சள் கரு மிச்சம். அதைக் கன்னியர் மடங்களுக்குக் கொடுத்தார்கள், மடத்தில் சர்க்கரைப் பாகோடு சேர்த்து ‘தொஸீனோ தெ ஸியேலோ’ பிறந்தது. பெயரின் அர்த்தம் சொர்க்கத்துப் பன்றிக்கொழுப்பு. பயப்படாதீர்கள், பன்றி இல்லை. பளபளக்கும் மஞ்சள் கட்டி, ஒரு துண்டுக்கு மேல் முடியாது. ஊரின் தித்திப்பு எங்கே போனது என்று மணல்மேடு அண்ணன் தேடினாரே, அது மடத்துக்குப் போய்விட்டது.

கம்பத்துக்காரி, அக்டோபர் 30

தனிமடலில் ஒருவர் திருத்தினார், ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் வேறொரு இழையில் ‘ஐஃபல் கோபுரம் கட்டினவர் கட்டிய வட்டக் கூரைக் கிடங்கு’ என்று எழுதியிருந்தேன். கொன்ஸாலெஸ் பையாஸ் வளாகத்திலுள்ள ‘லா கொன்ச்சா’. இரண்டாம் இஸபெல் ராணி 1862இல் வந்துபோனதன் நினைவாகக் கட்டியது என்பார்கள். ஊரில் எல்லாரும் ஐஃபல் என்றுதான் சொல்வார்கள், நானும் விருந்தினர் எல்லாரிடமும் அப்படியே ஒப்பித்தேன். செவில்லா இரும்பு வார்ப்பகத்து வேலை அது.

எலிக் கதை மட்டும் நிஜம், என் கண்ணால் பார்த்தது. அதே வளாகத்தில் தரையில் ஒரு கோப்பை தித்திப்பு வைன், அதன் மேல் சாய்த்த சின்ன ஏணி. எலிகளுக்கு. நான் போன அன்று ஏணி இருந்தது, எலி விடுப்பு.

கம்பத்துக்காரி, டிசம்பர் 14, பின்னிரவு

பானை உறுமுகிறது என்று அங்கிருந்து ஒரு தோழி காணொளி அனுப்பியிருக்கிறாள், தூக்கம் போச்சு. ஸம்பொம்பா. பானை வாயில் தோல் கட்டி, நடுவே ஒரு குச்சி செருகி, ஈரக்கையால் குச்சியை உருவினால் ‘ஊம்… ஊம்…’ என்று உறுமும். அந்த வாத்தியத்தின் பெயரே டிசம்பர் கூட்டத்துக்கும். முற்றத்தில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பாட்டு, எல்லாம் புலேரியா என்ற ஃபிளமெங்கோ நடையில்.

புலேரியா ஹெரேஸின் சொத்து. சாந்தியாகோ, சான் மிகேல் என்று இரண்டு ஜிப்சிப் பேட்டைகள். தோட்டக் கூலியும் கொல்லுப்பட்டறையுமாக இருந்த குடும்பங்களிலிருந்து வந்த பாட்டு. பாடகி லோலா ஃப்ளோரெஸ் 1923இல் பிறந்தது சான் மிகேலில். தபாங்கோ என்ற பழைய வைன் கடையில் மேடைகூட வேண்டாம், ஒருவர் மரப்பலகையில் விரல்முட்டியால் தட்ட ஆரம்பிப்பார், அடுத்தவர் கை சேர்ப்பார். 12 அடி. அழுத்தம் விழும் இடம் பிடிபடவே படாது. பள்ளியில் பாட்டு கற்ற கர்வத்தில் நானும் தட்டினேன். கை ஆதிதாளத்தைவிட்டு நகரவில்லை. பக்கத்தில் நின்ற பாட்டி என் கையை மெல்லப் பிடித்து மேசை மேல் வைத்து, மேலே தன் கையையும் வைத்துவிட்டார். அன்புதான். ஆனாலும் தடையுத்தரவு.

கம்பத்துக்காரி, ஜனவரி 21

என் முதல் பதிவையே திரும்பப் படித்தேன். ‘ரயிலை விட்டு இறங்கினாலே ஊர் மணக்கும்.’ பொய் என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்கின ஞாபகம்.

அது தாத்தாவின் வரி. அவர் சின்ன வயதில் ஊர் முழுக்க அப்படி மணந்ததாம். சுவர்ச் சுண்ணாம்பே குடித்திருக்கும் என்பார். பீப்பாய்களிலிருந்து வருஷத்துக்கு மூன்று முதல் ஐந்து சதவீதம் ஆவியாகப் போகிறது என்றால், ஊருக்குள்ளேயே அத்தனை கிடங்கு இருந்த காலத்தில் காற்றே வைன்தான். நான் இருந்தபோது சில தெருக்களில் மட்டும், சில மாலைகளில் மட்டும்.

1979இல் விற்பனை உச்சம். அதற்குள்ளேயே அழுகல் ஆரம்பம். மலிவாக, கண்டபடி கலந்து, இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் கொட்டினார்கள். ஒரே குழுமம், ருமாஸா, கிடங்கு கிடங்காக வாங்கிக் குவித்தது. 1983 பிப்ரவரியில் அதை ஸ்பெயின் அரசே கையகப்படுத்தியது. அப்புறம் கொடி பிடுங்கப் பணம் கொடுத்தார்கள். 20,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டம் இன்று 7,000 பக்கம். கலீஃபா கேட்டது மூன்றில் ஒன்று, இவர்கள் மூன்றில் ஒன்றைத்தான் விட்டுவைத்தார்கள்.

காலியான கிடங்குகள் அடுக்ககமாயின, கார் நிறுத்துமிடமாயின, சில கூரை விழுந்து உள்ளே அத்திமரம் முளைத்து நிற்கின்றன. எங்கள் அடுக்ககமே ஒரு பழைய கிடங்கு இருந்த மனைதான். தாத்தா பீப்பாய் உருட்டிய இடத்துக்கு மேல் மூன்றாம் மாடியில் தாத்தா வீடு. அதை அவர் சோகமாகச் சொல்லவில்லை, “இப்போ லிஃப்ட் இருக்கு” என்றார்.

இங்கே விஸ்கிப் பிரியர் ஒருவர் கேட்ட ‘ஷெர்ரி பீப்பாய் விஸ்கி’ விவகாரமும் இதில்தான் சேரும். முன்பு ஷெர்ரி பீப்பாயோடு கப்பலேறிப் போகும், காலிப் பீப்பாயை ஸ்காட்லாந்துக்காரன் எடுத்துக்கொள்வான். 1980களில் புட்டியில் அடைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றானது. பீப்பாய் நின்றது. இப்போது விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, ஒன்றிரண்டு வருஷம் ஷெர்ரி ஊற்றி ஊறவைத்து அனுப்புகிறார்கள். பல நேரம் ஊறிய வைன் காடிக்கோ காய்ச்சி வடிக்கவோ போகிறது. தாத்தா சொன்னது: “அப்போ பீப்பாய் வைனுக்கு வேலை செஞ்சுது. இப்போ வைன் பீப்பாய்க்கு வேலை செய்யுது.”

கம்பத்துக்காரி, ஏப்ரல் 11

மணல்மேடு அண்ணே, பயணம் நெருங்குகிறது. சுருக்கமாக.

கடையில் ‘ஷெர்ரி’ என்று கேட்காதீர்கள், ‘உன் ஃபினோ’ போதும். ஜில்லென்று கேளுங்கள். மன்ஸனில்யா என்று பட்டியலில் இருந்தால் சன்லூக்கர் ஊர்க் கடலோர வகை. அதே சொல்லுக்குச் சாமந்திக் கஷாயம் என்றும் அர்த்தம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டால் தேநீர்தான் வரும். தபாங்கோவில் கணக்கை மரப்பலகையிலேயே சாக்கட்டியால் எழுதுவார்கள், முழங்கையை ஊன்றி அழித்துவிடாதீர்கள். மே மாதம் என்றால் குதிரைத் திருவிழா சமயம், ஃபினோவில் எலுமிச்சை சோடா கலந்த ‘ரெபுஹீத்தோ’ குடங்குடமாக ஓடும். நல்ல பிள்ளை போல இருக்கும், நம்பாதீர்கள். அண்ணியிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

காதிஸ்தான் மாவட்டத் தலைநகர் என்று அங்கே யாரிடமும் நினைவூட்ட வேண்டாம். ஹெரேஸ் அதைவிடப் பெரிய ஊர், ஹெரேஸ்காரன் அதை ஒரு நாளும் மறக்க மாட்டான்.

மணல்மேடு, மே 19

போய்வந்தோம். அரை நாள் என்று போய் இரண்டு இரவு தங்கினோம், அந்த வகையில் என் கட்சி தோற்றது. ஆனால் தங்கச்சி, ஒரு புகார். மூக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். ப்ளீச் போட்டுக் கழுவிய வாசல், குதிரைச் சாணம், பொரித்த மீன். வைன் வாசனை எங்குமே இல்லை.

கம்பத்துக்காரி, மே 19, இரவு 9:48

காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கவனித்தீர்களா? தலை வலித்து, உதடு வெடித்து, தெருவில் எல்லாரும் சிடுசிடு என்று இருந்திருந்தால் லெவாந்தே, கிழக்குக் காற்று. அன்று ஒன்றும் மணக்காது. கிடங்கு ஜன்னலில் புல் பாய்த் திரையை இறக்கி, மணல் தரைக்குத் தண்ணீர் தெளித்து, பூ வாடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேற்கேயிருந்து போனியெந்தே, கடல் ஈரத்தோடு வர வேண்டும். அதற்காகத்தான் கிடங்குகளையே அத்தனை உயரமாக, கோயில் மாதிரி கட்டி, ஜன்னலை உச்சியில் வைத்தது. பேராலயத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில், வெயில் தாழ்ந்து ஏழு மணிக்கு மேல் நின்றிருந்தால் கிடைத்திருக்கும்.

அப்பாவும் முதல் நாள் ஒன்றும் மணக்கவில்லை என்றுதான் சொன்னார். மூன்றாம் நாள் அந்தச் சந்தில் நடக்கும்போது டக்கென்று நின்று, சட்டைப் பையைத் தடவி, “ஊறுகாய் ஏதும் கொட்டிருச்சா?” என்றார்.